முதல் கிளாஸ் வடித்தவளுக்கு

மூக்குக்காரி என்று மாமனார் அவளைக் கூப்பிடுவதில் பாதி பெருமை, பாதி வயிற்றெரிச்சல். சாராய வடிசாலையை ஆரம்பித்தவர் அவர்தான். செம்பு அண்டாவைச் சொல்லிச் செய்து வாங்கி, செங்கல் அடுப்பு கட்டி, லைசன்ஸுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, அது வந்ததும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவர். ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் அவர் மூக்கு போயிற்று. காய்ச்சல் இறங்கியது, வாசனை திரும்பி வரவில்லை. எழுந்து வந்து அண்டா முன்னால் நின்றால் சுடுதண்ணீரும் சாராயமும் அவருக்கு ஒன்றாக இருந்தது. கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மருமகள், "மாமா, வாசனை மாறிடுச்சு, பாத்திரத்த மாத்துங்க" என்று சும்மா இருக்காமல் சொல்லப்போக, அன்றிலிருந்து வடிக்கிற வேலை அவள் தலையில் விழுந்தது.

பேரிக்காய் ஊறலைக் காய்ச்சினால் குழாயில் முதலில் சொட்டுவது விஷம். பெயிண்டு கழுவுகிற தண்ணீர் மாதிரி நெடியடிக்கும். அதைத் தனியாகப் பிடித்து அழித்துவிட வேண்டும். நடுவில் வருவதுதான் சரக்கு. கடைசியில் வருவதில் ஈரச் சாக்கு வாடை. ஒன்று எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்ல எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. இந்த வடிசாலையிலும் ஒன்று இருக்கிறது, பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை. அவள் மூக்கு சொன்னதுதான் கணக்கு.

அந்த மூக்குதான் இன்று அவளை வதைத்துக்கொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து மழை. அடுப்புப் புகை மேலே போகாமல் உள்ளேயே சுற்றியது. தொட்டியில் நுரைத்துக் கிடந்த பேரிக்காய் ஊறலின் புளிப்பு, ஈர விறகு, மாமனாரின் கம்பளிச் சட்டை, பக்கத்துச் சமையலறையில் வெங்காயம் வதங்குகிற வாடை எல்லாம் தனித்தனியாக வந்து தொண்டையில் நின்றன. அவள் பின்கதவைத் திறந்து இரண்டு தடவை வெளியே தலையை நீட்டிவிட்டு வந்தாள்.

"என்னம்மா, வண்டி வருதான்னு பாக்குறியா?" என்றார் மாமனார். அடுப்பெதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து விறகு தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஆமா மாமா."

"வரும் வரும். மழைக்கெல்லாம் அடங்குற ஆளுங்களா அவங்க? நாக்க எடுத்துக்கிட்டு நாடு நாடா சுத்துறவங்க. எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. நல்லா சாப்பிடணும்னா வீட்ல உக்காந்து சாப்பிட வேண்டியதுதானே? அதுக்கு வண்டி பிடிச்சு வரணுமா?"

"அவங்க வரலேன்னா நமக்குப் பொழப்பு ஏது மாமா?"

"அதுவும் சரிதான்" என்று ஒரு விறகை உள்ளே தள்ளினார். கொஞ்சம் பொறுத்து, "அவங்களக் கூட்டிட்டு வர்ற அந்தம்மா போன்ல என்ன சொல்லுச்சாம்? வடிக்கிற பொம்பளையப் பாக்கணுமாமா?" என்றார்.

"அப்படித்தான் சொன்னாங்களாம்."

"பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும். அண்டா வாங்கினவன் யாருன்னு யாரும் கேக்கப் போறதில்ல."

பதில் சொல்ல வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வெளியே வந்துவிடும் போலிருந்தது.

விஷயம் இதுதான். அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. டாக்டரம்மாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது, கட்டின புருஷன் உட்பட. இது மூன்றாவது. முதலாவது வந்தபோது சந்தோஷம் தாங்காமல் அவளே எல்லோரிடமும் சொன்னாள். அது தங்கவில்லை. அப்புறம் ரொட்டிக் கடையிலும் தையல் கடையிலும் "எத்தனாவது மாசம்?" என்று சிரித்த முகத்தோடு கேட்டவர்களிடமெல்லாம், சொன்ன செய்தியை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. இழந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டாள், அந்த முகங்கள் விழுவதைப் பார்ப்பதுதான் முடியவில்லை. இரண்டாவது, வயிறு தெரிகிற அளவுக்கு வந்து போனது. அதைப் பற்றி அவள் நினைப்பதே இல்லை, அல்லது அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை காதும் காதும் வைத்த மாதிரி இருந்துவிடுவது, தங்கிவிட்டது என்று டாக்டரம்மா வாயால் கேட்ட பிறகுதான் மூச்சு விடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். ஒரு சொட்டு சாராயம்கூட நாக்கில் படக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அது பெரிய கஷ்டமில்லை. முகர்ந்தே வேலையை ஓட்டினாள். ருசி பார்த்துத் துப்புவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. மாமனார் போட்ட சட்டம் ஒன்று இந்த வீட்டில் உண்டு. எங்கேயோ யாரோ கண்டதைக் குடித்துக் கண் போன செய்தி பரவி, ஒருவரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலத்தில் அவர் கண்டுபிடித்த வியாபாரத் தந்திரம் அது. விருந்தாளிகளுக்கு முன்னால் புது பாட்டிலின் மெழுகை உடைத்து, வடித்தவர் முதல் கிளாஸைக் குடித்துவிட்டு, கிளாஸை மேஜையில் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்த்த கிளாஸிலிருந்து ஒரு சொட்டு வழியக்கூடாது. அப்புறம்தான் மற்றவர்களுக்கு. பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். யாரோ எங்கேயோ எழுதி, இந்த வீட்டுச் சரக்கைவிட இந்த வீட்டுச் சட்டம் பிரபலமாகிவிட்டது. வருகிறவர்கள் அதைப் பார்க்கத்தான் கேமராவோடு வந்தார்கள்.

சமையலறைக்குப் போனாள். அவள் புருஷன் மீனைப் புகை போட்டு எடுத்துப் பலகையில் வைத்து, முள் முள்ளாக இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தான். முன்பு கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதிக்கு மேல் தண்ணீரில் இருந்தவன், அப்பாவுக்கு முடியாமல் போனதும் வந்து வடிசாலையை ஒட்டி ஆறு மேஜை போட்டு ஒரு சாப்பாட்டுக்கூடம் ஆரம்பித்தான். சமையலில் கெட்டிக்காரன், ஆனால் மேஜைகள் நிறையவில்லை. புது சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. கப்பலிலிருந்து மறுபடி ஆள் கேட்டு வந்திருந்தார்கள். இன்று வருகிறவர் ஊர் ஊராகச் சாப்பாட்டுப் பயணம் நடத்துகிற பயணக்காரம்மா. அவர் தன் வண்டிகளுக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தால் இருப்பது, இல்லையென்றால் கிளம்புவது என்று அவளிடம் சொல்லியிருந்தான். சொன்ன ராத்திரி இரண்டு பேரும் தூங்கவில்லை.

"மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்றான், தலையைத் தூக்கிப் பார்த்து.

"புகை."

"கொஞ்ச நேரம் வெளிய போய் நில்லு. எல்லாம் தயார். வெங்காய சூப், இந்த மீன், வெண்ணெய்ல காளான், அப்புறம் தேன்ல வெந்த பேரிக்காய். அதோட உன் சரக்கு. பேரிக்காயச் சாப்பிட்டு அதையே குடிக்கிறப்ப அந்தம்மா அசந்து போகணும்."

"என்னங்க, ஒண்ணு சொன்னா கேப்பீங்களா? இன்னிக்கு மாமாவே ஊத்தட்டுமே. நான் அண்டாகிட்ட நிக்கிறேன். ஆள் இல்லாம விட முடியாது."

"அடுப்ப அணைச்சு வச்சிருவோம்."

"மாமா வருத்தப்படுறாரு."

"அவரு எப்பதான் படல? இங்க பாரு, அந்தம்மா கேட்டது உன்ன. போன்ல என்ன சொன்னாங்க தெரியுமா? வடிக்கிற பொம்பளைங்க ரொம்பக் கம்மி, உங்க மனைவிய நேர்ல பாத்து அவங்க குடிச்சு கவுத்துறதப் பாத்தாத்தான் முடிவு பண்ணுவேன்னாங்க." இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு ஈரக் கையைத் துடைத்தான். "என்னா, பயமா? நூறு தடவ குடிச்சவ, இன்னொரு தடவ குடிக்க என்ன?"

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவன் முகம் அன்று வெகுநாளைக்குப் பிறகு மலர்ந்திருந்தது. சொன்னால் அது இன்னும் மலரும் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குத்தான் பயந்தாள்.

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள்.

வண்டி வந்தபோது மழை இன்னும் வலுத்திருந்தது. குடையும் மழைச்சட்டையுமாக எட்டுப் பத்துப் பேர் இறங்கி ஓடிவந்தார்கள். பயணக்காரம்மா கடைசியாக இறங்கி, ஓடாமல் நடந்து வந்தார். குட்டை முடி, கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கும் கண்ணாடி. அலட்டிக்கொள்ளாத ஆள், ஆனால் கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. கதவு, தரை, கைகழுவுகிற இடம், அவள் நகம் வரைக்கும் பார்த்தாயிற்று.

"நீங்கதான் வடிக்கிறவங்களா?"

"ஆமாங்க."

"உங்களுக்காகத்தான் வந்தோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்ற மாமனார் தொண்டையைச் செருமினார். யாரும் திரும்பவில்லை.

சாப்பாடு நன்றாகத்தான் போயிற்று. மழைக்கு வெங்காய சூப் இதமாக இருந்தது. மீனை வாயில் வைத்ததும் பேச்சு நின்றது. தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த ஒருவர் தட்டுத் தட்டாகப் படம் எடுத்துவிட்டு ஆறிப்போன பிறகு சாப்பிட்டார். பக்கத்திலிருந்த மனைவி, "சாப்பிட வந்தீங்களா, சாட்சி சொல்ல வந்தீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பேரிக்காயும் தேனும் மேஜைக்கு வந்தன.

புருஷன் பாட்டிலைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். போன பருவத்துச் சரக்கு. அவள் வடித்ததிலேயே அதுதான் சிறந்தது என்று அவளுக்கே தெரியும். மெழுகை உடைத்தாள். கிளாஸில் ஊற்றினாள். செல்போன்கள் நிமிர்ந்தன.

ஒரு கிளாஸ். கட்டைவிரல் உயரம்கூட இல்லை. இது ஒன்றும் செய்யாது என்று மனசில் ஒரு பாதி சொன்னது. செய்யாமல் இருக்கலாம். ஆனால் நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால், ஆயுசு முழுக்க இந்தக் கிளாஸைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். குடிக்காவிட்டால் அவன் கப்பலேறிவிடுவான். மூச்சை இழுத்தாள். அவள் அறியாமலே வாய் முந்திக்கொண்டது.

"இது மாமா வடிச்சதுங்க."

பயணக்காரம்மா புருவத்தைத் தூக்கினார்.

"இந்த பாட்டில் மட்டும். நான் கூடமாட நின்னேன், அவ்வளவுதான். வடிச்சவர்தான் முதல்ல குடிக்கணும். மாமா, வாங்க."

மாமனார் திருதிருவென்று விழித்தார். ஒரு விநாடிதான். பிறகு அவர் முதுகு நிமிர்ந்த அழகைப் பார்க்க வேண்டுமே! வந்தார், கிளாஸை எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஒன்றுமே தெரியாத மூக்கால் ஆழமாக முகர்ந்தார். "ஆஹா" என்றார். ஒரே மடக்கு. கிளாஸ் மேஜையில் கவிழ்ந்தது, சொட்டு வழியவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

"அந்தக் காலத்துல இந்த அண்டாவ நான் வாங்குனப்ப..." என்று ஆரம்பித்துவிட்டார்.

பயணக்காரம்மா எல்லோர் கிளாஸிலும் ஊற்றினார். "அவசரப்படாதீங்க. கையில வச்சு கொஞ்ச நேரம் சூடு பண்ணுங்க. அப்புறம் மோந்து பாருங்க, அப்புறம்தான் வாய்" என்றார். ஆளுக்கொரு கிளாஸை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு மாமனாரின் கதையைக் கேட்கத் தொடங்கினார்கள். தப்பித்தோம் என்று அவள் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். புருஷன் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"மாமா ஆசைப்பட்டாரு."

"அவரு ஆசைப்பட்டா தூக்கிக் குடுத்துருவியா? காலைல ஏதாவது சொன்னாரா?"

"அய்யோ, அவர் ஒண்ணும் சொல்லல. விடுங்களேன்."

"எத விடுறது? வருஷம் பூரா அந்த அடுப்புல வெந்தது நீ. இருமி இருமி நின்னது நீ. கிளாஸக் கவுத்துறது அவரா? ஒரு தடவயாவது நாலு பேர் முன்னாடி உன் பேரு வரட்டும்னு நான் எவ்வளவு பாடுபட்டு அந்தம்மாவ வரவழைச்சிருக்கேன்!"

"எனக்குப் பேரு வேணாம்."

"எனக்கு வேணும்" என்றான். கண் கலங்கியிருந்தது. அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "போகாதீங்க. சொன்னாக் கேளுங்க. போகாதீங்க" என்றாள். எதனால் என்று மட்டும் சொல்லவில்லை. அவன் அவள் கையைப் பிடித்து அவளையும் இழுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான். இத்தனை வருஷத்தில் அவள்மேல் அவன் வைத்த அன்பு ஒரு நாளும் அவளை இப்படிக் கழுத்தைப் பிடித்ததில்லை.

"ஒரு நிமிஷம் எல்லாரும் மன்னிக்கணும்" என்றான். "எங்கப்பா மனசு நோகக்கூடாதுன்னு என் மனைவி விட்டுக்குடுத்துட்டா. இந்த பாட்டிலும் சரி, அந்த அலமாரியில இருக்கிற அத்தனையும் சரி, வடிச்சது இவதான். எங்கப்பாவுக்கு மூக்கே கெடையாது."

மாமனார் பாதிக் கதையில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. மேஜையைச் சுற்றி எல்லோரும் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும் நேரம் அது. தொப்பிக்காரர் தன் கிளாஸை முதலில் கீழே வைத்தார். ஒன்றன் பின் ஒன்றாக மற்றக் கிளாஸ்களும் இறங்கின.

"அப்ப வடிச்சவங்க ஏன் குடிக்கல?" என்றார் தொப்பிக்காரர். சிரிப்பே இல்லை.

பயணக்காரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நான் வெளிப்படையாவே சொல்லிர்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் ஒரு எடத்துல இப்படித்தான், வடிச்சவரு வரல. தலைவலின்னாங்க. அவரு அண்ணன் வந்து சிரிச்சுச் சிரிச்சு ஊத்துனாரு. என் வண்டியில வந்தவங்கள்ல பாதிப் பேரு ஆஸ்பத்திரில கெடந்தாங்க. ஒருத்தரோட பார்வை இன்னும் சரியாகல. அதுக்கப்புறம்தான் இந்த வீட்டுச் சட்டத்தப் பத்திக் கேள்விப்பட்டு வந்தேன்." பாட்டிலை எடுத்து மாமனாருக்குப் பக்கத்திலிருந்த ஒரு புதுக் கிளாஸில் ஊற்றி, அவள் பக்கம் நகர்த்தினார். "நீங்க குடிச்சுக் கவுத்துங்க. இல்லேன்னா நாங்க கெளம்பறோம்."

"குடி" என்றான் புருஷன், மெதுவாக. அவனுக்கு இப்போதும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் பயம் தொற்றிக்கொண்டுவிட்டது. "ஏய், குடிச்சிரு. சரக்குல ஒண்ணுமில்லையே? ஒண்ணுமில்லதானே?"

அவன் கேட்டதுதான் அவளைச் சுட்டது. அவன்கூடவா! கிளாஸை எடுத்தாள். பழுத்த பேரிக்காயின் தோல், மழை நின்ற தோட்டம், கொஞ்சம் மிளகு. அப்பழுக்கில்லாத சரக்கு. அதன்மேல் அவளுக்குப் பெருமையாக இருந்தது. உதடுவரை கொண்டுபோனாள். பிறகு அப்படியே மேஜையில் வைத்தாள். வைத்த வேகத்தில் கொஞ்சம் சிந்தி மேஜைத்துணி நனைந்தது.

"சரக்குல ஒண்ணுமில்லீங்க. என் வயித்துல புள்ளை இருக்கு."

கிளாஸைப் பயணக்காரம்மா பக்கம் திரும்ப நகர்த்தினாள்.

"யாருக்கும் சொல்லல. இவருக்கும் தெரியாது. முன்னாடி ரெண்டு தடவ தங்கல. அதான் குடிக்கல. நம்புனா நம்புங்க, இல்லேன்னா கெளம்புங்க."

தொப்பிக்காரரின் மனைவிதான் முதலில் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் ஒரே அமர்க்களம். நாற்காலிகள் நகர்ந்தன, யாரோ கண்ணைத் துடைத்தார்கள், யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் புருஷன் நின்ற இடத்திலேயே நின்றான், கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மாமனார் சத்தம் போடாமல் எழுந்து அடுப்பறைப் பக்கம் போய்விட்டார்.

பயணக்காரம்மா அவளுக்கென்று ஊற்றிய அதே கிளாஸை எடுத்தார். "உங்களுக்குப் பதிலா நான்" என்று ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கவிழ்த்தார். "இத எங்க வச்சிருந்தீங்க இவ்வளவு நாளா?" என்றார். தொப்பிக்காரர் குடித்தார், தொப்பியைக் கழற்றினார். அதற்கப்புறம் பாட்டில் காலியாக நேரமாகவில்லை.

முடிவு அங்கேயே சொல்லப்பட்டுவிட்டது. அடுத்த பருவம் முழுக்க வண்டிகள் இங்கே நிற்கும், சாப்பாடும் இங்கேதான். "வர்ற ஒவ்வொரு வண்டிக்கும் இந்தக் கதையச் சொல்லித்தான் கூட்டிட்டு வருவேன்" என்றார் பயணக்காரம்மா, அவள் கன்னத்தைத் தொட்டு. "வடிச்சவ ஏன் குடிக்கலன்னு. அப்ப நீங்க கையில குழந்தையோட வாசல்ல நிப்பீங்க. நெனச்சுப் பாருங்க!"

"நானே வர்றேன், பையனா பொண்ணான்னு பாக்க" என்றார் தொப்பிக்காரர்.

அவள் தலையாட்டினாள். சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது. அவன் கப்பலுக்குப் போகப் போவதில்லை. அதில் அவளுக்கு எவ்வளவு சந்தோஷமோ அவ்வளவு பயம் வண்டி வண்டியாக வரப்போகிற அந்த முகங்களை நினைத்து. ரொட்டிக் கடையும் தையல் கடையும் போய், இப்போது நாடு முழுக்கக் கேட்கப் போகிறது.

வண்டி கிளம்பியதும் புருஷன் பாத்திரம் கழுவ உட்கார்ந்தான். அவள் துடைத்து அடுக்கினாள். வெகுநேரம் கழித்து, தொட்டியைப் பார்த்தபடியே கேட்டான்.

"எங்கிட்டகூடவா சொல்லக்கூடாது?"

"உங்ககிட்ட சொன்னா, ஏதாச்சும் ஆச்சுன்னா அதையும் உங்ககிட்ட நான்தான சொல்லணும்? ரெண்டு தடவ சொல்லியாச்சு. உங்க மூஞ்சிய இன்னொரு தடவ அப்படிப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

அவன் கை சோப்புத் தண்ணீருக்குள் அசையாமல் இருந்தது. பிறகு அவளைத் திரும்பிப் பார்க்காமல், "சரக்குல ஒண்ணுமில்லையேன்னு கேட்டேனே, நான் ஒரு மடையன்" என்றான். அவள் அவன் முதுகில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்துவிட்டு, அடுப்பறைக்குப் போனாள்.

மாமனார் முக்காலியில் உட்கார்ந்து அணைந்துபோன அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். அவள் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. அவள் தான் சொன்ன பொய்க்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்திருந்தாள். நாலு பேர் முன்னால் மூக்கில்லாதவர் என்று பெயர் வாங்கிக் கொடுத்தாயிற்றே.

"மாமா, உங்கள மாட்டிவிட்டுட்டேன்."

"அது கெடக்கு. நான் என்ன வேணாம்னா சொன்னேன்? குடுத்ததும் வாங்கிக் கவுத்துனேன்ல." குச்சியால் சாம்பலைத் தள்ளினார். "அந்தம்மா என்ன சொல்லிட்டுப் போச்சு? வர்ற வண்டிக்கெல்லாம் சொல்லுமாமா?"

"ஆமா."

"ம்" என்றார். அவள் போகத் திரும்பினாள்.

"ரெண்டாவது தடவ ஆச்சே, அப்ப உன்ன யாராச்சும் வந்து கேட்டாங்களா? ஏன், என்ன, எப்படி ஆச்சுன்னு?"

அவள் நின்றாள். யாரும் கேட்கவில்லை. அவள் வெளியே வர ஆரம்பித்த பிறகு ரொட்டிக் கடைக்காரியிலிருந்து எல்லோரும் மழையையும் விலைவாசியையும் பற்றித்தான் பேசினார்கள். மனுஷங்களா இவங்க என்று அப்போது உள்ளுக்குள் வெறுத்திருக்கிறாள்.

"கேக்கல மாமா."

"எப்படிக் கேப்பாங்க? நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப வீடு வீடா நான் போனேன். கடை கடையா. சந்தோஷத்துல தலைகால் தெரியாம எல்லார்கிட்டயும் சொல்லி வச்சவன் நான்தானே, நானேதான போகணும். இந்த மாதிரி ஆயிப்போச்சு, எங்க மூக்குக்காரி வெளிய வருவா, தயவுசெஞ்சு ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்காதீங்கன்னு. ஒரு கதவு பாக்கி இல்ல. தையக்காரன் வீட்ல மட்டும் முடியாம கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன்." மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "அதனால வண்டி வரட்டும்மா. எத்தன வேணா வரட்டும். நல்லபடியா பொறந்துச்சுன்னா புள்ளையத் தூக்கிட்டு நீ வாசல்ல வந்து நில்லு. இல்லேன்னா நீ உள்ளேயே இரு. வாசல்ல நான் நிக்கிறேன். வண்டிக்கு வண்டி நான் சொல்லிக்கிறேன்."

அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. அவர் பதறிப்போய் எழுந்து முக்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரு, உக்காரு. நிக்காத இனிமே" என்றார்.

அவள் உட்கார்ந்தாள்.